குறைந்த வருவாய்க் குடித்தனங்களின் வீட்டுத் தேவை: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் கணக்கும் அதன் அளவுகோல்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஓர் ஊரில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்ற கேள்விக்குத் தெருத்தெருவாகச் சென்று எண்ணி விடை சொல்லிவிடலாம். எத்தனை வீடுகள் தேவை என்ற கேள்விக்கு அவ்வாறு விடை காண இயலாது. ஒரு குடும்பம் எத்தகைய வீட்டில், எவ்வளவு வாடகையில், எத்தனை பேர் சேர்ந்து வாழ்ந்தால் அது மனிதருக்கு ஏற்ற வாழ்வாகும் என்று ஒரு சமூகம் முதலில் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுக்கும் மக்கள் இன்று வாழும் நிலைக்கும் இடையே உள்ள தொலைவே தேவை எனப்படுவது. ஆகவே தேவையைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையிலும் ஓர் எண்ணும் ஒரு நெறியும் சேர்ந்தே இருக்கின்றன. அச்சில் எண் தெரிகிறது. நெறி பெரும்பாலும் தெரிவதில்லை.

இவ்வுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. நெருக்கடியால் சுருங்கிப்போன வாழ்க்கையை இயல்பான வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு போடப்படும் கணக்கு, ஏழைகளின் தேவையைக் குறைத்துக் காட்டுவதோடு நில்லாமல், அந்த நெருக்கடியையே அடுத்த திட்டக் காலத்துக்கும் நீட்டித்துவிடுகிறது. ஆதலால் ஒவ்வொரு படியிலும் தான் கொண்ட அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லும் மதிப்பீடே நேர்மையான மதிப்பீடு. இதனைக் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஏழு கூறுகளாக இவ்வுரை ஆராய்கிறது.

1. கணக்கு எங்கே தொடங்குகிறது

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 1,00,14,009 பேர் வாழ்ந்தனர். அதனுள் 88 நகரங்கள் தத்தம் மன்றங்களோடு இயங்குகின்றன. எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் சேராத பகுதிகளில் வாழும் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்குக் கவுண்டி நிர்வாகமே நகராட்சியாகவும் இருக்கிறது.

கலிபோர்னியாவில் 1969 முதல் ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் தன் பொதுத் திட்டத்தில் வீட்டுவசதி பற்றிய இயல் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் பணிக்கிறது. அந்த இயலுக்கு அடிப்படையான எண் மேலிருந்து கீழாக வருகிறது. முதலில் மாநில வீட்டுவசதித் துறை ஒரு பெரும்பகுதி முழுவதற்குமான தேவையை அறுதியிடுகிறது. பின்னர் அப்பகுதியின் உள்ளாட்சிகள் கூடிய மன்றம் அதை ஒவ்வொரு நகரத்துக்கும், நகர எல்லைக்கு வெளியே உள்ள கவுண்டிப் பகுதிக்கும் பகிர்ந்தளிக்கிறது. அதன்பின் ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பங்குக்கு நிலம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். இது எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழும் சுற்று. லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ, வென்ச்சுரா, இம்பீரியல் ஆகிய ஆறு கவுண்டிகள் சேர்ந்த தென் கலிபோர்னியாவுக்கு 2021 முதல் 2029 வரையிலான ஆறாம் சுற்று இப்போது நடைமுறையில் உள்ளது.

இங்கு இரு சொற்களைப் பிரித்தறிவது இன்றியமையாதது. வேட்பு என்பது கையில் பணத்தோடு சந்தைக்கு வருபவர் கேட்பது. தேவை என்பது பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதருக்கு வேண்டியிருப்பது. உயர் வருவாயினருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. குறைந்த வருவாயினரிடம் இவை பிரிகின்றன. வேட்பை அளந்துவிட்டு அதையே தேவை என்று பெயரிட்டால், சந்தைக்கு வர வழியில்லாதவர்கள் கணக்கின் முதல் வரியிலேயே விடுபட்டுப் போகிறார்கள்.

2. குறைந்த வருவாயினர் யார்

அமெரிக்காவில் வருவாய்ப் பிரிவுகள் வட்டாரத்தின் இடைநிலை வருவாயை ஒட்டி வகுக்கப்படுகின்றன. எல்லாக் குடும்பங்களையும் வருவாய் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவே நிற்கும் குடும்பத்தின் வருவாயே இடைநிலை வருவாய். அதில் 30 விழுக்காட்டுக்குள் பெறுவோர் மிகமிகக் குறைந்த வருவாயினர். 50 விழுக்காட்டுக்குள் பெறுவோர் மிகக் குறைந்த வருவாயினர். 80 விழுக்காட்டுக்குள் பெறுவோர் குறைந்த வருவாயினர். 120 விழுக்காடு வரை நடுத்தர வருவாயினர். அதற்கு மேற்பட்டோர் ஐந்தாம் பிரிவினர். நால்வர் கொண்ட குடும்பமே அடிப்படை அலகு. தனி ஒருவருக்கு அந்த வரம்பில் 70 விழுக்காடும், இருவருக்கு 80 விழுக்காடும், மூவருக்கு 90 விழுக்காடும் கொள்ளப்படுகின்றன. நால்வருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 8 விழுக்காடு கூடுகிறது.

இவ்வளவில் இது எளிய கூட்டல் கழித்தலாகவே தோன்றும். ஆனால் 2024ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு வெளியிடப்பட்ட வரம்புகளில், நால்வர் குடும்பத்தின் இடைநிலை வருவாய் 98,200 டாலர். அதே ஆண்டில் நால்வர் குடும்பத்தைக் குறைந்த வருவாயினர் என்று கொள்வதற்கான மேல்வரம்பு 1,10,950 டாலர். இடைநிலைக்குக் கீழே இருக்க வேண்டிய வரம்பு இடைநிலையையே தாண்டி நிற்கிறது. இது அச்சுப்பிழை அன்று. வாடகை மிக உயர்ந்த வட்டாரங்களில் வரம்புகளை வாடகையின் அளவுக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று நடுவண் அரசின் வீட்டுவசதித் துறை வகுத்துள்ள விதியின் விளைவு இது. நாட்டின் பிற பகுதிகளில் வசதியாக வாழப் போதுமான வருவாய், அங்கே வாடகைக்கே போதாமல் போகிறது என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிரிவு அகலமாகும்போது அதன் மேல்நுனியில் இருப்போரும் அடியில் இருப்போரும் ஒரே பெயரில் சேர்ந்துவிடுகின்றனர். 2024இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலர். ஒருவர் ஆண்டு முழுவதும் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் 33,280 டாலர் ஈட்டுவார். அவர் ஒருவரே சம்பாதிக்கும் நால்வர் குடும்பம் மிகமிகக் குறைந்த வருவாய்ப் பிரிவில் விழுகிறது. அப்பிரிவின் வரம்பு அந்த ஆண்டில் 41,600 டாலர். இக்குடும்பத்துக்கும் 1,10,000 டாலர் ஈட்டும் குடும்பத்துக்கும் ஒரே தொகுப்பில் இடமளிக்கும் அட்டவணை, கட்டுவோருக்கு மேல்நுனியைத் தேர்ந்துகொள்ள வழிவிடுகிறது. ஆகவே குறைந்த வருவாயினருக்கு இத்தனை வீடுகள் என்று சொல்லும் எந்த எண்ணையும், அதனுள் எந்தப் பிரிவுக்கு எத்தனை என்று கேட்காமல் ஏற்கலாகாது.

3. தாங்கத்தக்க வாடகை என்னும் அளவுகோல்

வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்கும் விளக்கு, தண்ணீர் போன்றவற்றுக்கும் செலவிடும் குடித்தனம் செலவுச் சுமை உடையது என்றும், 50 விழுக்காட்டைத் தாண்டினால் கடும் சுமை உடையது என்றும் இன்று உலகின் பல நாடுகளில் கொள்ளப்படுகிறது. இந்த 30 என்ற எண் ஆய்வின் முடிவாகப் பிறந்ததன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட் உறுப்பினர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த 1969ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், அரசுக் குடியிருப்புகளில் வாடகை குடும்ப வருவாயில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. ஏழைகளின் தோள்மீது வாடகை ஏறிக்கொண்டே போவதைத் தடுப்பதே அதன் நோக்கம். 1981இல் அரசுச் செலவைக் குறைக்கும் நோக்கில் அவ்வரம்பு 30ஆக உயர்த்தப்பட்டது. வரவு செலவுத் திட்டத்துக்காக நகர்த்தப்பட்ட கோடு, நாளடைவில் அளவையியலின் அடிப்படைக் கோடாக நிலைத்துவிட்டது. கோடு 25இலேயே நின்றிருந்தால், ஒரு குடும்பத்தின் நிலையும் மாறாமலேயே சுமை உடையோரின் எண்ணிக்கை கூடியிருக்கும்.

மேற்சொன்ன 33,280 டாலர் வருவாயில் 30 விழுக்காடு என்பது மாதத்துக்கு 832 டாலர். கவுண்டியில் இரு படுக்கையறை வீட்டின் வழக்கமான வாடகை இதைப் போல் இருமடங்குக்கும் மேல். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், 832 டாலரையே வாடகையாகக் கொடுத்து வீடு கிடைத்தாலும், எஞ்சிய பணத்தில் நால்வருக்கும் உணவு, போக்குவரத்து, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை நடக்குமா என்ற கேள்வி எஞ்சுகிறது. தனி ஒருவருக்குத் தாங்கும் விழுக்காடு மூன்று பிள்ளைகள் உள்ள தாய்க்குத் தாங்காது. வீட்டுவசதி ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன் 1993இல் வெளியிட்ட நூலில் இக்குறையைச் சுட்டி, வாடகை போக மிஞ்சுவது பிற அடிப்படைத் தேவைகளுக்குப் போதுமா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று வாதிட்டார். அவ்வகை நிலைக்கு அவர் இருப்பிட வறுமை என்னும் பொருள்படப் பெயரிட்டார். விழுக்காட்டு முறை கையாள எளிது. மிச்ச வருவாய் முறை வாழ்க்கைக்கு நெருக்கமானது. குழந்தைகள் மிகுந்த ஏழைக் குடும்பங்களின் தேவையை முதல் முறை குறைத்துக் காட்டுகிறது என்பதை மதிப்பீட்டாளர் அறிந்து சொல்ல வேண்டும்.

4. அறைகளை எண்ணுதல்

நெரிசல் என்பதன் வரையறை கேட்பதற்கு எளிது: ஓர் அறைக்கு ஒருவருக்கு மேல் இருந்தால் நெரிசல், ஒன்றரைப் பேருக்கு மேல் இருந்தால் கடும் நெரிசல். அறை எது என்பதிலேயே நுட்பம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படும் அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பின் படிவம், படுக்கையறையையும் சமையலறையையும் அறையாகக் கொள்ளச் சொல்கிறது. குளியலறை, தாழ்வாரம், பால்கனி, நடைவழி ஆகியவற்றைத் தள்ளச் சொல்கிறது. ஓர் அறையை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் சுவர் தரையிலிருந்து கூரைவரை எழுந்து, குறைந்தது 6 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தக் கணக்கில் இரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை கொண்ட வீடு நான்கு அறை வீடு. அதில் நால்வர் இருந்தால் நெரிசல் இல்லை. ஐவர் இருந்தால் நெரிசல். ஆறு பேர் சரியாக ஒன்றரையில் நிற்பதால் கடும் நெரிசல் ஆகாது. எழுவர் இருந்தால் ஆகும். சமையலறையும் ஓர் அறையாக எண்ணப்படுவதால், நால்வரில் ஒருவருக்குரிய இடம் அடுப்புக்கு அருகே இருப்பதாகக் கணக்கு கொள்கிறது. இரவில் கூடத்தில் பாய் விரித்து மூவர் படுப்பதைப் படிவம் கேட்பதில்லை.

இந்தச் சிறிய வரையறையின் கையில் எவ்வளவு பெரிய எண் இருக்கிறது என்பதை 2019இல் மாநிலத் துறை தென் கலிபோர்னியாவுக்கு அறுதியிட்ட தேவை காட்டுகிறது. மொத்தம் 13,41,827 வீடுகள். அதற்கு முந்தைய சுற்றில் இதே பகுதிக்குத் தரப்பட்டது 4,12,137 மட்டுமே. மக்கள்தொகை மூன்று மடங்காகவில்லை, கேள்வி மாறியிருந்தது. முந்தைய சுற்றுகள் இனி உருவாகப் போகும் குடித்தனங்களையே முதன்மையாகக் கணக்கிட்டன. 2018இல் இயற்றப்பட்ட சட்டம், இன்று வாழ்வோர் படும் நெரிசலையும் செலவுச் சுமையையும் கணக்கில் சேர்க்கப் பணித்ததோடு, வாடகை வீடுகளில் குறைந்தது 5 விழுக்காடு காலியாக இருப்பதே நலமான நிலை என்றும் வகுத்தது. காலி வீடே இல்லாத ஊரில் வாடகைக்காரர் வீடு மாற இடமின்றி, கேட்ட வாடகையைக் கொடுக்க நேர்கிறது என்பது அதன் காரணம்.

அதன்படி, வருங்காலக் குடித்தனங்களின் எண்ணிக்கையிலிருந்து குடியுள்ள வீடுகளைக் கழித்ததில் 5,51,499 வந்தது. காலி வீட்டு விகிதத்தைச் சீராக்க 1,78,896, நெரிசலைத் தணிக்க 4,59,917, இடிக்கப்படும் வீடுகளுக்கு ஈடாக 34,010, செலவுச் சுமைக்காக 1,17,505 ஆகியவை அதனோடு கூட்டப்பட்டன. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெரிசல் என்னும் ஒரே தலைப்பில் வந்திருக்கிறது. பகுதியின் நெரிசல் விகிதம் 10.11 விழுக்காடு, நாட்டின் விகிதம் 3.35 விழுக்காடு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடே 4,59,917 வீடுகள். நாடு முழுவதையும் ஒப்பிடாமல், இதே போன்ற பெருநகரப் பகுதிகளோடு ஒப்பிட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் மறுப்புத் தெரிவித்தது. மறுப்பு ஏற்கப்பட்டிருந்தால் எண் வெகுவாகக் குறைந்திருக்கும். அம்மறுப்பின் அடியில் உள்ள கருத்து கவனத்துக்குரியது. நெரிசல் மிகுந்த நகரத்தை நெரிசல் மிகுந்த மற்றொரு நகரத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் குறை இல்லை என்றாகிவிடும். எந்த அளவுகோலோடு ஒப்பிடுவது என்பது புள்ளியியல் கேள்வி போலத் தோன்றினாலும், எந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்வது என்ற அறக்கேள்வியே அது.

5. கணக்கில் ஏறாத குடித்தனங்கள்

குடித்தனம் என்ற சொல்லுக்குக் கணக்கெடுப்பு தரும் பொருள், ஒரு வீட்டில் குடியிருக்கும் அனைவரும் என்பதே. வீடு இருந்தால்தான் குடித்தனம். வீடு இல்லாதவர் குடித்தனம் ஆவதில்லை. வீட்டுத் தேவையின் அலகாகக் குடித்தனத்தைக் கொள்ளும்போது, வீடு மிகத் தேவைப்படுவோரே அலகுக்கு வெளியே நிற்கின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2024 ஜனவரியில் நடந்த கணக்கெடுப்பில் 75,312 பேர் வீடற்றோராக எண்ணப்பட்டனர். தெருவோரத்திலும், வண்டிகளிலும், கூடாரங்களிலும், தற்காலிகத் தங்குமிடங்களிலும் இருப்போரைச் சில இரவுகளில் எண்ணும் முறை இது. உறவினர் வீட்டுக் கூடத்தில் சில மாதங்கள், நண்பர் வீட்டில் சில வாரங்கள் என்று ஒண்டிக்கொண்டிருப்போர் அந்த எண்ணில் இல்லை.

இரண்டாவது விடுபாடு இன்னும் நுட்பமானது. வருங்காலத்தில் எத்தனை குடித்தனங்கள் உருவாகும் என்று கணிக்கக் குடித்தனத் தலைமை விகிதம் பயன்படுகிறது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் தனிக் குடித்தனத்தின் தலைவராக இருக்கின்றனர் என்பதே அவ்விகிதம். வாடகை தாங்காமல் 30 வயதுப் பிள்ளை பெற்றோருடனேயே தங்கினால் விகிதம் குறைகிறது. குறைந்த விகிதத்தை வருங்காலத்துக்கும் நீட்டினால் கணிப்பும் குறைகிறது. கணிப்பு குறைந்ததால் வீடுகள் குறைவாகத் திட்டமிடப்படுகின்றன. வீடுகள் குறைந்ததால் வாடகை ஏறி, அடுத்த தலைமுறையும் பெற்றோர் வீட்டிலேயே தங்குகிறது. ஒரு சமூகம் விருப்பத்தோடு கூட்டுக் குடும்பமாக வாழ்வது வேறு, வேறு வழியின்றி ஒண்டுக்குடித்தனம் இருப்பது வேறு. விகிதம் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. இவ்வுரையின் மையக் கருத்து மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இதுவே: நேற்றைய பற்றாக்குறை இன்றைய பழக்கமாகி, நாளைய இலக்காக எழுதப்படுகிறது.

மூன்றாவது, அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பு போன்ற மாதிரிக் கணக்கெடுப்பின் எல்லை. 65,000 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு ஐந்தாண்டுத் தரவுகளைச் சேர்த்தே விரிவான மதிப்பீடு தரப்படுகிறது. அதிலிருந்து வருவாய்ப் பிரிவு வாரியாக வீட்டுச் சிக்கல்களைப் பிரித்துத் தரும் சிறப்பு அட்டவணைகள் மேலும் சில ஆண்டுகள் பிந்தி வருகின்றன. கார்க் கொட்டகையை அறையாக்கி அனுமதியின்றிக் குடியிருப்போர், அரசுப் படிவத்தில் உண்மையான எண்ணிக்கையை எழுத அஞ்சுகின்றனர். வாடகை வேகமாக ஏறும் காலத்தில், பழைய தரவு எப்போதும் நிலைமையை மென்மையாகவே காட்டும்.

6. பகிர்வில் தெரியும் நெறி

மொத்தத்தை ஊர்களுக்குப் பங்கிடும் கட்டத்தில், எந்த அளவுகோல் யாருக்கு உதவுகிறது என்பது வெளிப்படையாகிறது. பெவர்லி ஹில்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் உள்ள செல்வச் செழிப்பான நகரம். மக்கள்தொகை 32,000க்கு மேல். ஐந்தாம் சுற்றில் எட்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அந்நகரத்தின் பங்காக நிர்ணயிக்கப்பட்டவை 3 வீடுகள். மிகக் குறைந்த வருவாயினருக்கு ஒன்று, குறைந்த வருவாயினருக்கு ஒன்று, நடுத்தர வருவாயினருக்கு ஒன்று. எதிர்பார்க்கப்படும் வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பகிர்வு, வளர இடம்கொடாத ஊரிடம் எதையும் கேட்கவில்லை. அந்நகரத்தின் வீடுகளிலும் விடுதிகளிலும் வேலை செய்துவிட்டு மாலையில் பேருந்தேறித் தொலைவுக்குச் செல்வோர் அந்தக் கணக்கில் வேறோர் ஊரின் பொறுப்பாக இருந்தனர்.

ஆறாம் சுற்றில் வேலைவாய்ப்புகளுக்கு எவ்வளவு அருகே இருக்கிறது, பொதுப் போக்குவரத்து எவ்வளவு கிடைக்கிறது என்ற இரண்டும் பகிர்வின் முக்கிய அடிப்படைகளாயின. ஏற்கெனவே ஏழைகள் மிகுந்த ஊருக்கு ஏழைகளுக்கான வீடுகளின் விகிதத்தைக் குறைத்து, செல்வர் மிகுந்த ஊருக்குக் கூட்டும் சமன்செய் விதியும் கையாளப்பட்டது. பெவர்லி ஹில்ஸின் பங்கு 3,104 ஆயிற்று. அதில் மிகக் குறைந்த வருவாயினருக்கு 1,008, குறைந்த வருவாயினருக்கு 680. அதாவது பாதிக்கும் மேல் இவ்விரு பிரிவினருக்கே. ஊர் அதே ஊர்தான். அளவுகோல் மாறியதும் அதன் கடமையும் மாறிவிட்டது.

கவுண்டி முழுவதற்குமான ஆறாம் சுற்றுப் பங்கு 8,12,060 வீடுகள். மிகக் குறைந்த வருவாயினருக்கு 2,17,273, குறைந்த வருவாயினருக்கு 1,23,022, நடுத்தர வருவாயினருக்கு 1,31,381, அதற்கு மேற்பட்டோருக்கு 3,40,384. நகர எல்லைகளுக்கு வெளியே கவுண்டி நிர்வாகத்தின் நேரடிப் பொறுப்பில் வருபவை 90,052. அவற்றில் மிகக் குறைந்த வருவாயினருக்கு 25,648, குறைந்த வருவாயினருக்கு 13,691.

மிகமிகக் குறைந்த வருவாயினருக்கு இந்த வரிசையில் தனி இடமே இல்லை. மிகக் குறைந்த வருவாயினருக்கான எண்ணில் சரிபாதியை அவர்களுக்கு உரியதாகக் கொள்ளலாம் என்று சட்டம் உள்ளாட்சிகளுக்கு இசைவளித்திருக்கிறது. அதன்படி 25,648இல் பாதியான 12,824 என்று எழுதிவிடலாம். மணிக்கு 16 டாலர் ஈட்டுபவரின் குடும்பத்துக்கு எத்தனை வீடுகள் வேண்டும் என்ற மிகக் கடினமான கேள்விக்கு, இரண்டால் வகுத்து விடை சொல்ல இடமளிக்கப்பட்டிருக்கிறது.

7. இரண்டு எண்களும் ஒரு வீடும்

இதே கவுண்டியைப் பற்றி வேறோர் எண்ணும் வழங்குகிறது. ஆண்டுதோறும் வெளியாகும் பற்றாக்குறை ஆய்வுகள், மிகக் குறைந்த வருவாய் உடைய வாடகைக் குடித்தனங்களுக்குத் தாங்கத்தக்கவையும் கிடைக்கத்தக்கவையுமான வீடுகள் ஏறத்தாழ 5 லட்சம் குறைவு என்கின்றன. வீட்டுவசதிச் சட்டத்தின் கணக்கோ இரு கீழ்ப் பிரிவுகளையும் சேர்த்தே 3,40,295 என்கிறது. ஒன்று சரியானால் மற்றொன்று தவறாக வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள்.

கிடைக்கத்தக்க என்ற அடைமொழியில்தான் வேறுபாடு இருக்கிறது. நூறு ஏழைக் குடும்பங்களும் அவர்கள் தாங்கத்தக்க வாடகையில் எழுபது வீடுகளும் உள்ள ஓர் ஊரைக் கருதினால், பற்றாக்குறை முப்பது எனத் தோன்றும். அந்த எழுபதில் நாற்பதில் வசதி படைத்தோரே குடியிருந்தால், ஏழைகளுக்குக் கிடைப்பவை முப்பது; உண்மையான பற்றாக்குறை எழுபது. வாடகை குறைந்த வீட்டை விட்டு எவரும் தாமாக வெளியேறுவதில்லை. ஆகவே மலிவான வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மதிப்பீடு, பூட்டிய கதவுகளைத் திறந்த கதவுகளாக எண்ணிவிடுகிறது. பற்றாக்குறை ஆய்வு இன்றைய குறையை அளக்கிறது. சட்டத்தின் கணக்கு எட்டாண்டில் எவ்வளவு கட்ட இடம்கொடுக்க வேண்டும் என்பதை அளக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், திட்டம் முழுவதும் நிறைவேறினாலும் எத்தனை குடும்பங்கள் வெளியே நிற்கும் என்பது புலப்படும்.

நிலம் ஒதுக்குவதும் வீடு கட்டுவதும் ஒன்றல்ல. பெருநகரக் கவுண்டிகளில் ஏக்கருக்கு 30 வீடுகள் கட்ட அனுமதிக்கும் நிலம், குறைந்த வருவாயினரின் வீட்டுக்கு ஏற்றது என்று சட்டம் கொள்கிறது. அடர்த்தி கூடினால் ஒரு வீட்டுக்கான நிலச்செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் 832 டாலர் வாடகை கட்டுமானச் செலவையும் பராமரிப்பையும் ஈடுகட்டுவதில்லை. இடைவெளியைக் கட்டுவோருக்கென 1986இல் கொண்டுவரப்பட்ட வரிச்சலுகையோ, வாடகை உதவியோ, உள்ளாட்சி நிதியோ நிரப்ப வேண்டும். நடுவண் அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. எத்தனை வீடுகளுக்கு நிலம் உண்டு, எத்தனைக்கு நிதி உண்டு என்று இரு வரிகளாகப் பிரித்துச் சொல்லாத மதிப்பீடு, மக்களுக்கு நிறைவேறாத வாக்குறுதியையே தருகிறது.

முடிவுரை

அவையோரே, மேற்கண்ட ஏழு கூறுகளிலிருந்தும் மதிப்பீட்டாளருக்கு உரிய நான்கு கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது, எண்ணின் அருகிலேயே அதற்கான அளவுகோலையும் எழுதுவது: எந்த விழுக்காட்டு வாடகை, எந்த நெரிசல் வரம்பு, எந்தப் பகுதியோடு ஒப்பீடு என்பவை அட்டவணையின் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும். இரண்டாவது, நெருக்கடிக் காலத்து நடத்தையை இயல்பாகக் கொள்ளாமல், நெருக்கடி இல்லாதிருந்தால் எத்தனை குடித்தனங்கள் உருவாகியிருக்கும் என்று தனியே கணித்துக் காட்டுவது. மூன்றாவது, வீடற்றோரையும் ஒண்டியிருப்போரையும் பின்னிணைப்பில் வைக்காமல் மொத்தத்தில் சேர்ப்பது. நான்காவது, பிழை வரம்பையும் தரவின் வயதையும் வெளியிட்டுப் பிறர் சரிபார்க்க இடம்கொடுப்பது. கலிபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, மாநிலத் துறையின் தேவைக் கணக்குகளில் போதிய சரிபார்ப்பு இல்லை என்று குறை கண்டது. ஒரு கட்டத்தில் தவறாக எழுதப்பட்ட எண் ஒரு குடும்பத்தின் எட்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது என்பதால், இது எழுத்தர் வேலையின் குறை என்று கடந்து செல்லத்தக்கதன்று.

மாற்றம் நிகழ இயலும் என்பதற்கும் அதே மாநிலத்தில் சான்று உண்டு. 2024இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வரும் சுற்றிலிருந்து மிகமிகக் குறைந்த வருவாயினரையும், இடைநிலை வருவாயில் 15 விழுக்காட்டுக்குள் பெறும் கடைக்கோடி வருவாயினரையும் தனித்தனிப் பிரிவுகளாகக் கணக்கிடப் பணிக்கிறது. வீடற்றோரின் தேவையையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. இதனால் ஒரு செங்கல்கூட உடனே எழும்பிவிடாது. ஆயினும் இதுவரை இரண்டால் வகுத்துப் பெறப்பட்ட குடும்பங்களுக்கு இனி அட்டவணையில் சொந்தமாக ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும் ஒவ்வோர் ஊரும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று பொதுமன்றத்தில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.